தொடக்கூடாத தட்டு

எங்கள் முத்தியால்பேட்டையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது 'சாப்ட்டியா?' என்றுதான். கேட்கிறவர் சோறு போடப் போவதில்லை, பதில் சொல்கிறவரும் உண்மையைச் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் கேட்பார்கள். துக்க வீட்டில் கேட்பார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வருகிறவனிடம்கூடக் கேட்பார்கள். இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த என் சித்தப்பாவும் அப்பாவும் ஒரு கல்யாணப் பந்தியில் சேர்ந்ததே அந்த ஒரு வார்த்தையில்தான்.

மதாம் அதைக் கேட்டதே இல்லை. நான் அவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். என்னிடம் கேட்கவில்லை என்பதை விட்டுவிடுங்கள், நான் கூலிக்கு வந்தவள். வேன் ஓட்டுகிறவரிடம் கேட்டதில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்டதில்லை, பெற்ற மகளிடம் கேட்டதில்லை. இத்தனைக்கும் அவருடைய தொழிலே சாப்பாடுதான். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

அவரை எல்லோரும் மதாம் என்றே கூப்பிட்டோம். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அப்பா அந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர். மதாம் பாரீசில் ஊட்டச்சத்துப் படிப்புப் படித்து, அங்கேயே ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து, ரிட்டையராகி ஊருக்கு வந்தார். கடற்கரைப் பக்கத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு சேவை அமைப்பில் தாய்சேய் ஊட்டச்சத்து ஆலோசகராகச் சேர்ந்துகொண்டார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு மெல்லிய பிரம்பு. பிரம்பு யாரையும் அடிக்க இல்லை, படத்தில் கல்லீரலைக் காட்ட. நான் அவருக்கு உதவியாளர். விடிகாலையில் சமைப்பது, பேனர் கட்டுவது, லேப்டாப் வயரைச் செருகுவது, மதாம் 'அடுத்தது' என்றால் பட்டனை அழுத்துவது, இதற்குப் பெயர்தான் உதவி.

மதாமுக்கு உணவுப் பொருள்களின் பெயர் மறந்துபோயிருந்தது என்றே நான் நினைக்கிறேன். மார்க்கெட்டில் முருங்கைக்கீரையைப் பார்த்தால் "இரும்பு, கால்சியம், வைட்டமின் ஏ" என்பார். மத்தி மீன்காரியிடம் "எவ்வளவு ஒமேகா த்ரீ இருக்கு தெரியுமா உங்ககிட்ட?" என்று கேட்டார். அவள் பயந்துபோய், "அதெல்லாம் இல்ல மதாம், மீன் மட்டுந்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

நான் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் தலையை நீட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வெள்ளரிசி. உருளைக்கிழங்கு. மாவு மேல மாவு" என்பார். அவ்வளவுதான். போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா? ஒரு முறை எங்கள் தெருக் கல்யாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். இலை முன்னால் உட்கார்ந்து வடைக்கு ஒரு விளக்கம், அப்பளத்துக்கு ஒரு எச்சரிக்கை, பாயசத்துக்கு ஒரு பெருமூச்சு. அந்த வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பாதி இலையோடு எழுந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா சமையல்காரரோடு சண்டைக்குப் போனார், பாவம்.

அவருடைய மகளுக்குப் பாரீசில் பிரசவமானது. நான் ஆபீசில் இருந்தபோதே ஒரு நாள் வீடியோவில் அந்தப் பெண் வந்தாள். தலை கலைந்து, கண் வீங்கி, தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்றாள். "அம்மா, மூணு நாளா தூக்கமே இல்லம்மா" என்று அழுதாள். மதாம், "மீன் எண்ணெய் மாத்திரை எடுக்கிறியா? குழந்தையோட மூளை இப்பதான் வளருது, உன் பால்லேர்ந்துதான் அது போகணும்" என்றார். அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு திரை இருட்டிவிட்டது. "நெட் சரியில்ல" என்றார் மதாம். அன்றைக்கு நெட் நன்றாகத்தான் இருந்தது.

இனி தட்டுக்கு வருகிறேன்.

மதாமின் பேச்சுக்குப் பெயர் 'தாயின் தட்டே சேயின் தட்டு'. பேனரில் அப்படித்தான் போட்டிருக்கும். மேடையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு. அதில் கைக்குத்தல் அரிசிச் சோறு, கெட்டிப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், இரண்டாக வெட்டிய முட்டை, மத்தி மீன் வறுவல் இரண்டு, பப்பாளித் துண்டு, வேர்க்கடலை உருண்டை, ஒரு கிண்ணம் தயிர். ஒவ்வொன்றின்மேலும் பல்குச்சியில் ஒட்டிய சின்னக் காகிதக் கொடி. புரதம், இரும்பு, கால்சியம், அயோடின் என்று கொடிகளிலும் நான்தான் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் இழுத்துப் போர்த்தியிருக்கும். பேச்சு உச்சத்துக்கு வரும்போது மதாம் தட்டின்மேல் போட்ட துணியை எடுத்து, "வுவாலா!" என்பார். பிரெஞ்சில் இதோ பாருங்கள் என்று அர்த்தமாம். பாருங்கள் என்றால் பார்க்கத்தான். யாராவது குழந்தை கை நீட்டினால் பிரம்பு குறுக்கே வந்துவிடும். "தொடக்கூடாது."

ஒரு நாளைக்கு ஊருக்குள்ளேயே மூன்று இடம். காலை பத்து மணிக்கு முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம், பன்னிரண்டரைக்கு மேட்டுப்பாளையத்தில் ஏதாவது ஒரு கம்பெனி, மூன்று மணிக்குக் கருவடிக்குப்பத்தில் ஒரு சமுதாயக்கூடம். மூன்றுக்கும் ஒரே தட்டு. வேனில் என் மடியில் வைத்துக்கொண்டு போவேன். சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியதும் மதாம் தட்டைக் காட்டி, "கொட்டிடு. காலையிலிருந்து வெளியில இருந்தது, சுகாதாரம் இல்ல" என்பார். காலையில் தின்னக்கூடாது, அது கண்காட்சி. சாயங்காலம் தின்னக்கூடாது, அது கெட்டுப்போனது. இடையில் ஏதாவது ஒரு நேரத்தில் அது சாப்பாடாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது என் மடியில் இருந்தது, நான் வெறும் வயிற்றோடு இருந்தேன்.

அப்போது என் மகளுக்கு நாலு மாதம். என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையாக இருந்தார். மூன்றாம் மாதமே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். விடிகாலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆபீசுக்கு ஓடி அந்தத் தட்டைச் சமைப்பேன். எனக்குக் காலையில் ஒரு டீ. மத்தியானச் சாப்பாடு மேட்டுப்பாளையத்துக்கும் கருவடிக்குப்பத்துக்கும் நடுவில் வேனில் எங்கேயாவது, வாய்த்தால். வீடு திரும்ப ஆறு மணி ஆகும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் குழந்தை வாய் வைக்காமல் மார் கல்லாகக் கட்டிவிடும். கண்ட இடத்துக் கக்கூசில் நின்று பிழிந்து விடுவேன். தாய்ப்பாலின் பெருமையைப் பட்டன் தட்டிக் காட்டிவிட்டு வந்து, அதையே சாக்கடையில் விட்டுக்கொண்டு நின்றேன். ஆரம்பத்தில் ரவிக்கை நனையும் அளவுக்கு ஊறியது. ஒரு மாதத்தில் நனைவது நின்றுவிட்டது.

குழந்தையின் எடை அட்டையில் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். என் மகளுடையது படுத்துக்கொண்டது. நர்ஸ் அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "அடுத்த மாசமும் இப்படியே இருந்துச்சுன்னா டப்பா பால்தாம்மா. இல்லன்னா நீ வேலைய வுட்டுடு" என்றாள். அம்மா பால்சுறா வாங்கிவந்து புட்டுச் செய்து கொடுத்துப் பார்த்தாள், பூண்டை வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தாள்.

"நீ ராத்திரியில துன்ற ஒரு வேளை புட்டு பகலுக்கெல்லாம் எப்டிடி பத்தும்? கொழந்த ஒண்ணும் தேறலயே. அந்த மதாம் கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பெரிய படிப்பு படிச்ச பொம்பளதான?"

சொன்னேன். மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர விட்டால் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றேன். மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தார், கேள்வி அவர் பாடத்துக்குள் வந்துவிட்டதல்லவா.

"பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காம விட்டா உடம்பு, தேவையில்லன்னு முடிவு பண்ணிடும். அதனால மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கணும். எடுத்துச் சுத்தமான பாத்திரத்துல மூடி வைக்கலாம். இந்தா, இதுல எல்லாம் இருக்கு."

ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். முந்தின நாள் நானே உட்கார்ந்து மடித்து வைத்த ஐந்நூறு காகிதங்களில் ஒன்று. எங்கே உட்கார்ந்து எடுப்பது, எதில் வைப்பது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அதில் இல்லை. போகலாமா கூடாதா என்பதற்கு மதாமும் பதில் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இன்றைக்கு ஒரு டாக்டரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். பொய் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வருடம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டேன். எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார், அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனி. பெட்டி மடிக்கிற வேலை. அறுபது எழுபது பெண்கள், பாதிப் பேருக்குக் கைக்குழந்தை இருக்கும். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. அந்த அரை மணியைத்தான் மேனேஜர் எங்களுக்குக் கொடுத்திருந்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்காகச் சாப்பாட்டை விட வேண்டும். யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரியவில்லை. பெண்கள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்தால் மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மதாம் அன்று நல்ல வேகத்தில் இருந்தார். பாலில் இருக்கிற கொழுப்பு, அந்தக் கொழுப்பில் மூளைக்கான சத்து, தாய் மீன் சாப்பிட்டால் அது கூடும், சாப்பிடாவிட்டால் குறையும். அயோடினும் அப்படியே. பிரம்பு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. இருபது நிமிடம் போயிற்று. முன்வரிசையில் நீலச் சட்டை போட்டிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மதாம், பெல் அடிக்கப் போவுது. நாங்க இன்னும் சோறு துன்னல."

"ஒரே ஒரு விஷயம், முடிச்சிடறேன்" என்றார் மதாம். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க வா" என்றார்.

லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனேன். என் மோவாயைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

"எல்லாரும் பாருங்க. உள்ள சிவப்பா இருக்கணும். வெளுத்திருக்கு பாருங்க, காகிதம் மாதிரி. இவங்க நாலு மாசக் குழந்தைக்குத் தாய். சரியா சாப்பிடறதில்ல. இப்ப இவங்க பால்ல கால்சியம் இல்லாமப் போயிடுமா? போகாது. பால் எடுத்துக்கும். எங்கேர்ந்து? இவங்க எலும்புலேர்ந்து. குழந்தைக்கு வேண்டியத உடம்பு குடுத்துடும். இவங்கதான் கரைஞ்சுகிட்டே போவாங்க."

கொஞ்சம் நிறுத்தினார். இந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் உச்சுக் கொட்டும் என்று அவருக்கு அனுபவம். உச்சுக் கொட்டினார்கள். "அடுத்தது" என்றார்.

நான் நகரவில்லை. இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சாப்பிடவில்லை என்று தெரிந்திருக்கிறது, வெளுத்துப் போயிருக்கிறேன் என்று தெரிந்திருக்கிறது, கரைந்துகொண்டிருக்கிறேன் என்று என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருக்கிறார், பாவம், வெளிநாட்டில் இருந்தவர் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவமானம் ஒரு பக்கம். அந்தச் சமாதானமும் கையைவிட்டுப் போனது அதைவிட மோசமாக இருந்தது.

நீலச் சட்டைப் பெண் எட்டி என் புடவை முந்தானையை இழுத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"நீ சாப்ட்டியாக்கா?"

எத்தனை ஆயிரம் முறை அந்தக் கேள்விக்கு 'ஆச்சு' என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை. "இல்லம்மா" என்றேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தன் டப்பாவைத் திறக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மேசைப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தட்டின்மேல் இருந்த துணியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். கொடிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்தேன்.

வேலை போய்விடும் என்று தெரியும். போனால் வீட்டில் இருந்து பிள்ளைக்குப் பாலாவது கொடுக்கலாம் என்று ஒரு வாய் வைத்தேன். ருசி பார்க்காமல் மாதக் கணக்கில் சமைத்திருக்கிறேன், கீரையில் உப்பே இல்லை.

மதாம் பிரம்போடு அப்படியே நின்றார். நான் முட்டையை எடுத்தேன். அவர் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். கோபம் வருகிறது என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு.

"வுவாலா!" என்றார். "பாருங்க, தாய் சாப்பிடறாங்க! இப்ப எடுக்கறது முட்டை. புரதம்!"

நான் மீனைப் பிய்த்தேன்.

"ஒமேகா த்ரீ!"

முதலில் சிரித்தது அந்த நீலச் சட்டைப் பெண்தான். அப்புறம் அறுபது பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே டப்பாக்களைத் திறந்தார்கள். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கருவாட்டுக் குழம்பும் புளிசாதமும் ஒரே நேரத்தில் மணத்தன. மதாம் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு டப்பாவிலும் பிரம்பை நீட்டிச் சத்துகளின் பெயரைச் சொன்னார். அவர் பேச்சை யாரும் கொட்டாவி விடாமல் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

வேனில் ஏறினோம். மடியில் காலித் தட்டு. வேலையை விட்டுப் போ என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். மதாம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டே வந்தார்.

"நல்ல யோசனை. முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீ" என்றார். "இனிமே எல்லா இடத்துலயும் இப்படியே செஞ்சுடலாம். மூணு இடத்துக்கும் தனித்தனியா தட்டு செஞ்சுடு. குழந்தையும் கூட இருந்தா இன்னும் முழுமையா இருக்கும். தாய், தட்டு, சேய். நாளைலேர்ந்து குழந்தையைக் கொண்டு வா."

அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. பசித்தவள் ஒருத்தி உட்கார்ந்து தின்றாள் என்பது அவர் தலைக்குள் போகவே இல்லை. அதையும் ஒரு செய்முறை விளக்கமாகத்தான் பார்த்தார். நான் அழுததைக்கூட நடிப்பு என்று நினைத்திருப்பார். அந்த நிமிடம் அவரை வேனிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. "சரிங்க மதாம்" என்றேன்.

அதற்கப்புறம் நான் ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும், மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கீரைக்கு உப்புப் போட்டேன். என் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் கூடவே வந்தாள். இடத்துக்கு இடம் நடுவில் வேனின் பின் சீட்டில் துணியால் மறைத்துப் பால் கொடுத்தேன். எடுக்க எடுக்கத்தான் ஊறும் என்று மதாம் சொன்னது சரிதான், பத்து நாளில் ரவிக்கை மறுபடி நனைந்தது. அடுத்த மாதம் அட்டையில் கோடு எழுந்தது. அதற்கடுத்த மாதம் நர்ஸ், "இன்னா பண்ண நீ?" என்று கேட்டாள். என்ன என்று சொல்வது? கண்காட்சிப் பொருளாகிவிட்டேன் என்றா?

மதாம் அந்த அட்டையைப் போட்டோ எடுத்து ஒரு ஸ்லைடு போட்டுக்கொண்டார். மேலே 'வெற்றிக் கதை' என்று தலைப்பு. என் மகளின் பெயர்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். 'அடுத்தது' என்று அவர் சொல்ல, அந்த ஸ்லைடுக்குப் பட்டன் அழுத்துவதும் நான்தான். உனக்கு நல்லதுதானே நடந்தது, நன்றி இல்லாமல் பேசுகிறாயே என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நன்றி இருக்கிறது. அது நீலச் சட்டைப் பெண்ணுக்கு. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெஞ்சில் மதாம் உட்கார்ந்திருந்தார். புடவையில் கஞ்சி இல்லை. ரவிக்கை தோளில் தொங்கியது. கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்தால் கேட்க வேண்டும் என்று நான் சேர்த்து வைத்தது ஒன்றா இரண்டா? நேராகப் போய் நின்றேன்.

அவர் முதலில் பார்த்தது மகளைத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி, அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். மகள் திகைத்துப்போனாள். "சிவப்பா இருக்கு. நல்லது" என்றார். அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஓ! தட்டு!" என்றார்.

என் பெயர் அவருக்கு அப்போதும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. சேர்த்து வைத்த வசவெல்லாம் வரிசையில் நின்றது. வாயைத் திறந்தால் வந்தது வேறு. முத்தியால்பேட்டைக்காரியின் பழக்கம்.

"சாப்ட்டீங்களா மதாம்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழரை" என்றார். "அப்ப, மத்தியானம் சாப்பிட்டிருக்கணும். சாப்பிட்ட ஞாபகம் இல்ல."

பாவமாக இருந்தது என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். எனக்குப் பாவமாக இல்லை. நல்லா வேண்டும் என்றுதான் இருந்தது. வருகிறோம் என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு டிபன் கடையில் நுழைந்து இரண்டு பிளேட் கல்தோசை, வடகறி சொன்னேன். மகள் தோசையில் கை வைக்கவில்லை.

"அவங்க சாப்பிடலன்னுதானம்மா சொன்னாங்க?"

"அவங்களுக்கு வீட்ல எல்லாம் இருக்கும். நீ துன்னு."

"இருந்தா ஏம்மா மணி பாத்துச் சொல்றாங்க?"

நான் வடகறிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த எலும்பு, இந்த மூளை எல்லாம் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. எங்கள் தட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் மூன்று தோசை வைத்து ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது மதாம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார்.

"மாவு அதிகம். புரதம் போதாது" என்றார்.

பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தின்றார். மூன்று தோசையையும் தின்றார். இலையில் ஒட்டியிருந்த வடகறியை விரலால் வழித்துத் தின்றார். இலையை நாலாக மடித்து என் கையில் கொடுத்து, "குப்பைத் தொட்டி அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

கடையில் எங்கள் தோசை ஆறிக்கொண்டிருந்தது. அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போதாவது அந்த ஒரு வார்த்தையைக் கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.